ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்: ஒரு குடியானவரின் இரண்டாண்டு ஆட்சி

சாந்தோம் நெடுஞ்சாலை கடலோரமாக வடக்கே செல்லும்போது, கலங்கரை விளக்கத்தின் அருகே காமராசர் சாலை என்று பெயர் மாறுகிறது. சேப்பாக்கத்தில் இடப்புறம் திரும்பி வாலாஜா சாலை வழியே போனால், அது அண்ணா சாலையைத் தொடும் இடத்தில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். 2010-இல் அங்கே புதிய சட்டமன்ற வளாகம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2014-இல் அதே கட்டடம் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. இன்று சென்னைவாசிகளுக்கு ஓமந்தூரார் என்றால் ஓர் ஆஸ்பத்திரி. அந்தப் பெயருக்குரியவர் ஒரு மருத்துவர் என்று யாரேனும் எண்ணினால் வியப்பதற்கில்லை.

அந்தச் சிறிய வழித்தடத்திற்குள் ஒரு வரலாறு சுருண்டு கிடக்கிறது. ஓமந்தூராரை முதல்வர் நாற்காலிக்குக் கொண்டுவந்ததிலும், பின்னர் அதிலிருந்து இறக்கியதிலும் பெரும்பங்கு வகித்தவர் பெயரில் ஒரு சாலை. அவருடைய ஆட்சி சிறையிலிட்டவர் பெயரில் மற்றொன்று. இருவருமே தமிழக அரசியலின் பேராளுமைகள். அவர்களைப் பற்றி நூல்களுக்குக் குறைவில்லை. நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் தலைமையில் இருந்தவரைப் பற்றியோ, நேர்மையானவர், எளியவர் என்ற இரண்டு அடைமொழிகளுக்கு அப்பால் நாம் அதிகம் பேசுவதில்லை. அடைமொழிகள் தவறானவை அல்ல. ஆனால் அவை ஒரு மனிதரை மரியாதையோடு மூலையில் உட்கார வைத்துவிடுகின்றன.

*

ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1-ஆம் நாள், தென்னாற்காடு மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். கல்லூரிப் பட்டம் எதுவும் அவர் பெயருக்குப் பின்னால் இல்லை. காந்தியின் அழைப்பை ஏற்றுக் காங்கிரசில் சேர்ந்தார், சிறை சென்றார், மாவட்டத்துக் காங்கிரசின் தூண்களுள் ஒருவரானார். கதர் வேட்டி, சட்டை, துண்டு. இவ்வளவுதான் வெளித்தோற்றம்.

அவர் வந்த நிலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாற்காடு காவிரிப் படுகையைப் போலத் தானாக நீர் வந்து பாயும் சீமை அல்ல. ஏரியும் கிணறும் நம்பிய ஊர்கள். ஏரி நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் கம்பும் கேழ்வரகும், கைச்செலவுக்கு மணிலாக்கொட்டையும். காவிரிப் படுகையின் பெரிய மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கோ காரியஸ்தரிடமோ விட்டுவிட்டு நகரத்தில் வாழலாம். கிணற்றுப் பாசன விவசாயிக்கு அது முடியாது. கவலை இறைப்பவன் தூங்கிவிட்டால் பாத்தி காயும். தானே நின்று பார்க்காத காரியம் நடக்காது என்ற எண்ணம் அந்த மண்ணில் இயல்பாக வரும். ரெட்டியார் கோப்புகளைப் பார்த்த விதத்திலும் அதன் சாயல் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 1920-இலிருந்து சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சர்களாக இருந்தவர்களின் பட்டியலை எடுத்தால், அதில் பனகல் அரசர் இருக்கிறார், பொப்பிலி அரசர் இருக்கிறார், குமாரமங்கலம் ஜமீன்தாரான சுப்பராயன் இருக்கிறார். மற்றவர்களோ பெரும்பாலும் வழக்கறிஞர்கள், பாரிஸ்டர்கள். ராஜாஜியும் பிரகாசமும் அந்த வகைதான். ஜமீன் பட்டமும் இல்லாமல், சட்டப் படிப்பும் இல்லாமல், விவசாயம் ஒன்றே தொழிலாகக் கொண்டு அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர் ரெட்டியார்.

*

அவர் வந்த வழி கோஷ்டிப் பூசலின் வழி. 1946 தேர்தலுக்குப் பின் பிரகாசம் பிரதமரானார் (மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்). தமிழ்நாட்டில் காமராசரின் அணி, ஆந்திரத்தில் பிரகாசத்துக்கு எதிரான அணி, இரண்டும் சேர்ந்து ஓராண்டுக்குள் அவரை வீழ்த்தின. அடுத்து யார் என்ற கேள்விக்கு, எந்த அணிக்கும் தலைவராக இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். 1947 மார்ச் 23 அன்று ரெட்டியார் பொறுப்பேற்றார். பொதுவேட்பாளர்களை இப்படித் தேடிப் பிடிப்பவர்களின் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: இவருக்கென்று பலம் இல்லை, ஆகவே சொன்னபடி கேட்பார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் கணக்குத் தப்பியது.

அமைச்சரவை சாதாரணமானதல்ல. சுப்பராயன், பக்தவத்சலம், அவினாசிலிங்கம் செட்டியார், டி.எஸ்.எஸ். ராஜன், கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ் என்று அனுபவசாலிகள் நிறைந்தது. கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் தமிழும் பேசிய மாகாணம் அது. கஞ்சம் எல்லையிலிருந்து குமரி அருகே வரை பரந்திருந்தது. ஐந்து மாதங்களுக்குள் விடுதலை. கவர்னராக ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயரே 1948 வரை தொடர, கோட்டையில் மூவர்ணக்கொடி பறந்தது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் மாகாணத்தோடு இணைந்தது.

இந்த இரண்டாண்டில் இயற்றப்பட்ட சட்டங்களை வரிசையாகச் சொல்வதைவிட, ஒன்றை நின்று பார்ப்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன். கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. 1939-இல் மதுரையில் தொடங்கிய மாற்றத்தை அது மாகாணம் முழுமைக்குமான உரிமையாக்கியது. தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் மசோதா கொண்டுவந்து, ஏறத்தாழ பதினேழு ஆண்டு காத்திருந்த சட்டம். 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இவையெல்லாம் பெரிய காரியங்கள்தாம். ஆனால் ரெட்டியாரின் ஆட்சியைப் புரிந்துகொள்ள ஜமீன் ஒழிப்பே திறவுகோல்.

*

நில வருவாயில் சென்னை மாகாணம் இரண்டு உலகங்களாக இருந்தது. ரயத்துவாரியில் குடியானவர் பெயரில் பட்டா. அவர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டுவார். மாகாணத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலமோ ஜமீன், இனாம் வகையைச் சேர்ந்தது. அங்கே 1802-இன் நிரந்தரத் தீர்வைப்படி ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் மாறாதது. குடிகளிடம் அவர் வாங்கும் வாரமோ அப்படி நிற்கவில்லை. வரப்பின் இந்தப் பக்கம் ரயத்துவாரி நிலம், அந்தப் பக்கம் ஜமீன் நிலம். அதே மண், அதே மழை. ஆனால் ஜமீன் குடி கட்டுவது பல மடங்கு. ஏரி தூர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியாது. பல ஜமீன்களில் பாசன ஏரிகளின் பராமரிப்பு கைவிடப்பட்டுக் கிடந்தது.

1908-இன் எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்குச் சிறிது பாதுகாப்புக் கொடுத்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை பிரகாசம் தலைமையில் குழு அமைத்தது. குழு கடுமையான அறிக்கை தந்தது. 1939-இல் அமைச்சரவை பதவி விலகவே அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

ரெட்டியார் அரசு இதை இரண்டு அடியாகச் செய்தது. முதலில் 1947-இல் வாரக் குறைப்புச் சட்டம்: ஜமீன் கிராமத்தின் வாரத்தை அக்கம்பக்கத்து ரயத்துவாரித் தீர்வையோடு ஒப்பிட்டு அந்த அளவுக்கு இறக்குவது. இது எவ்வளவு எளிமையான, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை விவசாயம் அறிந்தவர்கள் உணர்வார்கள். ஜமீன்தாரின் வருமானம் அதன் உண்மையான அளவுக்கு முதலில் சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு 1948-இல் ஒழிப்புச் சட்டம்: எஸ்டேட்டுகளை அரசு எடுத்துக்கொண்டு குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா தருவது. நட்டஈட்டைக் கணக்கிடும் முறையும் குறிப்பிடத்தக்கது. அடிப்படை ஆண்டுத் தொகையின் மடங்காக அது நிர்ணயிக்கப்பட்டது. சிறிய எஸ்டேட்டுக்கு முப்பது மடங்கு. இறங்கிக்கொண்டே போய், மிகப்பெரியவற்றுக்குப் பன்னிரண்டரை மடங்குதான். அமைச்சரவையிலேயே ஒரு ஜமீன்தார் இருந்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சட்டம் 1949 ஏப்ரலில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அந்த ஏப்ரல் 6-ஆம் நாளே ரெட்டியார் பதவியிலிருந்து போய்விட்டார். ராமநாதபுரமும் சிவகங்கையும் வெங்கடகிரியும் பொப்பிலியும் கைமாறியதைக் கோட்டையில் இருந்தபடி பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு விவசாயி என்றால் பட்டா பெறத்தக்க குடியானவர். அவருடைய நிலத்தில் நாற்று நட்டவளுக்கும், பண்ணையில் பரம்பரையாகக் கிடந்தவனுக்கும், குத்தகைக்குக் கீழ் வாரத்துக்குப் பயிரிட்டவனுக்கும் அதில் இடமில்லை. தஞ்சைப் பண்ணையாட்களுக்கான பாதுகாப்பு 1952-இல்தான், அதுவும் அவசரச் சட்டமாக, வந்தது. ரெட்டியாரின் கண் ஒரு ரயத்தின் கண். ஜமீன்தாரை நோக்கி மேலே அது கூர்மையாகப் பார்த்தது. கீழே அவ்வளவு தொலைவு பார்க்கவில்லை. அதே ஆண்டுகளில் கீழிருந்து எழுந்த குரலைக் கம்யூனிஸ்டுகள் ஏந்தியபோது, அரசு அதைப் பொது ஒழுங்குப் பிரச்சினையாகவே கண்டது; ஏ.கே. கோபாலன் உட்படப் பலர் சிறையில் இருந்தார்கள்.

விவசாயி முதல்வரின் இக்கட்டு நெல் கொள்முதலில் இன்னும் வெளிப்படை. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. ரேஷன் வந்தது. ரேஷனுக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு அதிகாரிகள் குதிரைத் திறந்து அளக்க வேண்டும். வெளிச்சந்தையில் கிடைக்கக்கூடிய விலைக்கும் சர்க்கார் விலைக்கும் இருந்த இடைவெளியைக் குடியானவர் தம் மடியிலிருந்து கொடுத்தார். சென்னைத் தெருவில் ரேஷன் அட்டையுடன் நின்றவருக்கோ அந்த நெல்தான் உயிர். 1947 டிசம்பரில், காந்தியின் வற்புறுத்தலும் சேர்ந்து, மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, விலை ஏறிற்று, 1948 செப்டம்பரில் மீண்டும் கட்டுப்பாடு. வாழ்நாளெல்லாம் களத்துமேட்டின் ஒரு பக்கம் நின்றவர், இப்போது மறுபக்கம் நின்று மரக்காலைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

*

அவர் மீது மிகுந்த காழ்ப்பைக் கொண்டுவந்தது வகுப்புவாரி உத்தரவு. 1920-களிலிருந்து நடப்பிலிருந்த முறையில் பன்னிரண்டு இடங்கள் ஒரு சுற்று. 1947 நவம்பரில் ரெட்டியார் அரசு அதைப் பதினான்காக்கியது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் 1, முஸ்லிம்கள் 1. பிற்பட்டோர் என்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது இங்கேதான் முதன்முதலாக. பிராமணரல்லாதார் என்ற பெரும் போர்வைக்குள் முன்னேறிய நிலவுடைமைச் சாதிகளே பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதை, அப்படியொரு சாதியில் பிறந்தவரின் அரசு ஒப்புக்கொண்டது என்பதே இதன் பொருள்.

அவரைத் 'தாடியில்லாத ராமசாமி' என்று சிலர் ஏசினார்கள். தாடியுள்ள ராமசாமி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்ததும் இதே அரசுதான். அதே ஆண்டு பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது; முதலில் தமிழ்ப் பகுதிகளுக்கு விருப்பப் பாடமாக இருந்தது, ஜூனில் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. பெரியாரும் அண்ணாவும் மட்டுமல்ல, திரு.வி.க.வும் ம.பொ.சி.யும் எதிர்த்தார்கள். ஆகஸ்டில் பெரியாரும் அண்ணாவும் கைதானார்கள். 1938-இன் பாடம் பத்தாண்டுக்குள் மறந்துபோனது வருந்தத்தக்கது. மொழி விஷயத்தில் ரெட்டியார் தம் சொந்த மக்களின் நாடியைப் பிடிக்கத் தவறினார் என்றே சொல்ல வேண்டும். கட்சித் தலைமை சொன்னதைக் கட்டுப்பாடாகச் செய்வது என்ற பண்பு, ஒரு முதல்வரிடம் எப்போதும் நற்பண்பாகி விடுவதில்லை.

வகுப்புவாரி உத்தரவு 1950-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 1951-இல் உச்சநீதிமன்றத்திலும் செல்லாதென்றாயிற்று. செண்பகம் துரைராசன் வழக்கு. அதன் விளைவாக 1951-இல் அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அதே திருத்தம்தான் நாடெங்கும் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கும் அரண் அமைத்தது. ஓமந்தூர்க்காரர் கைவைத்த இரண்டு பெரிய காரியங்களும் குடியரசின் முதல் திருத்தத்தில் வந்து சந்தித்தன.

*

இலக்கிய வாசகர்கள் மறக்கக்கூடாத ஒன்றும் அந்த ஆட்சியின் கடைசி மாதத்தில் நடந்தது. பாரதி பாடல்களின் உரிமைகள் பல கைகள் மாறியிருந்தன. ஒலிபரப்பு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கு எழுந்தது. மகாகவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள்; 1948-இல் வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் அமைந்தது. 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் பாரதி நூல்களின் உரிமையை அரசு ஏற்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலையின்றியே விட்டுக்கொடுத்தார். ஓர் எழுத்தாளரின் படைப்பை அரசு மக்களுக்காக வாங்குவது என்பதற்கு நம்மிடையே முன்னோடி அதுதான்.

பாரதி எட்டயபுரத்தில் பிறந்து, அந்த ஜமீனைச் சார்ந்த குடும்பத்தில் வளர்ந்து, அங்கே சிறிது காலம் ஊழியமும் பார்த்தவர். அவருடைய பாட்டை விடுவித்த அமைச்சரவையே எட்டயபுரம் உள்ளிட்ட ஜமீன்களை ஒழிக்கும் சட்டத்தையும் இயற்றியது. இவ்விரண்டையும் சேர்த்து யாரும் எழுதி நான் படித்ததில்லை.

*

ரெட்டியாரின் வீழ்ச்சிக்குக் கொள்கைக் காரணம் தேடுவது வீண். நிர்வாகத்தில் கட்சிக்காரர்கள் தலையிடுவதை அவர் விடவில்லை. பெர்மிட், லைசென்ஸ், மாற்றல் என்று கட்டுப்பாடுகளின் காலத்தில் சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அதைச் செல்லாக்காசாக்குபவரை எத்தனை நாள் பொறுப்பார்கள்? அவருக்கென்று ஓர் அணி இல்லை. அதைக் கட்டும் முயற்சியும் அவர் செய்யவில்லை. காமராசர் ஆதரவை விலக்கிக்கொண்டதும், குமாரசாமி ராஜாவுக்கு வழிவிட்டு ரெட்டியார் விலகினார்.

காமராசரை இதற்காகக் குறை கூறுவது எளிது. கட்சி என்பது தொண்டர்களின் சிறிய எதிர்பார்ப்புகளாலும் கட்டப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னாளில் அந்தக் கட்சியைக் கொண்டே பள்ளிக்கூடங்களைத் திறந்தார். தூய்மை மட்டும் கையிலிருந்த ரெட்டியாருக்கு இரண்டாண்டு கிடைத்தது. அந்த இரண்டாண்டில் அவர் செய்ததையும், அடுத்து ஒன்பது ஆண்டில் காமராசர் செய்ததையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதவி போனபின் அவர் டில்லியையோ வாரியத் தலைமைகளையோ நாடவில்லை. வடலூருக்குப் போனார். இளமையிலிருந்தே அவர் வள்ளலார் நெறியில் தோய்ந்தவர். ரமண மகரிஷியிடமும் பக்தி கொண்டவர். இவ்வளவு ஆழமான சமயப்பற்று உடையவரின் ஆட்சியில்தான் கோயில் நிர்வாகத்தை அரசின் கண்காணிப்பில் இறுக்கமாகக் கொண்டுவரும் அறநிலைய மசோதா உருப்பெற்றது, 1951-இல் சட்டமாயிற்று, மடங்கள் எதிர்த்து வழக்காடி, 1954-இல் சிரூர் மடத் தீர்ப்பில் சில பிரிவுகளை நீக்கச் செய்தன. பக்தர் எப்படி இதைச் செய்தார் என்று கேட்டவர்கள் உண்டு. பொதுச்சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது விவசாயியின் தர்க்கம். சாதியின் பேரால் கதவை அடைக்கலாகாது என்பது வள்ளலாரின் தர்க்கம். இரண்டும் அவரிடம் மோதிக்கொள்ளவில்லை.

1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரியும் தருமச்சாலைக்கு அருகே, வள்ளலார் பெயரில் குருகுலமும், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமும் அவர் முயற்சியில் எழுந்தன. இரண்டு பத்தாண்டுகள் அங்கேயே கழிந்தன. அதற்குள் கோட்டையில் ராஜாஜி வந்து போனார், காமராசர் வந்து போனார், அவர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைப் பார்த்த பக்தவத்சலம் காங்கிரசின் கடைசி முதல்வராக இருந்து 1967-இல் தோற்றார். அண்ணா முதல்வரானார், 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்றாயிற்று, அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஓமந்தூரார் 1970 ஆகஸ்ட் 25 அன்று வடலூரில் காலமானார்.